‘ஸ்டேஜ்’ ஏறும் டர்போ கார்கள்: பெட்ரோல் கணக்கை மறந்தால்...

மார்க் 7 கோல்ஃப் ஜிடிஐ வரும்போதே 220 குதிரைத் திறன். அது போதாதென்பவர்களுக்குப் பட்டறைகளில் ‘ஸ்டேஜ்’ உண்டு. முதலாவதில் இஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றுவார்கள். இரண்டாவதில் டவுன்பைப், இன்டர்கூலர். மூன்றாவதில் டர்போவே பெரிதாகும். கிளட்ச், பிரேக் செலவும் பின்னாலேயே வரும்.

இப்போதைய சிக்கல் பெட்ரோல். 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தில் ரோன்95 லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென். ரோன்97-க்கு உதவித்தொகை கிடையாது. ரோன்97-க்கென மாற்றிய இஞ்சினில் மலிவானதை ஊற்றினால், அழுத்தத்தில் எரிபொருள் தானே வெடிக்கும். கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்திச் சமாளிக்கப் பார்க்கும். மீறினால் பிஸ்டன் போகும். மிச்சம் பிடித்த லட்சணம் அதுதான்.

இத்தகைய மாற்றங்களுக்கு ஜேபிஜே அனுமதியும் வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் மறைத்தால் விபத்துக்குப்பின் இழப்பீடு மறுக்கப்படலாம்; கார் கடன் தவணை மட்டும் நிற்காது.