தோற்கும்போதும் மஞ்சள் சட்டை

"ஜெயிக்கிற கட்சிக்குத்தான் என் ஓட்டு" என்று சொல்கிற ஆள் ஒருவர் எல்லா ஊர் டீக்கடையிலும் இருப்பார். ஓட்டு வீணாகிவிடக் கூடாதாம்! கிரிக்கெட் பார்ப்பவர்களிலும் இந்த ரகம் உண்டு. மும்பை ஜெயித்தால் மும்பை, கொல்கத்தா ஜெயித்தால் கொல்கத்தா. எந்த வருஷமும் இவர்களுக்குத் தோல்வியே கிடையாது. தூக்கமும் கெடாது.

ஆனால் பதினைந்து வயதில் ஒரு அணியைப் பிடித்துக்கொண்டவன் கதை வேறு. உத்திரமேரூர் பக்கம் ராஜகுளத்தில் இருக்கிற ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 2010-ல். சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் முறை ஐபிஎல் கோப்பையை வாங்கிய வருஷம். முதுகில் 7 என்று போட்ட மஞ்சள் பனியன் ஒன்று வைத்திருக்கிறான். அசல் ஜெர்சி இல்லை, கடைத்தெருவில் தொங்குமே, அந்த ரகம். இரண்டு தடவை துவைத்தால் எண் உரிந்து வரும். அதைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் சீரியல் பார்க்க முடியாது.

2025-ல் அவனுக்கு வந்தது சோதனையான வருஷம். பதினான்கு ஆட்டங்களில் நான்கில்தான் வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். சென்னை அணி கடைசி இடத்தில் முடித்தது அதுவே முதல் தடவை. சேப்பாக்கத்தில் 2008-க்குப் பிறகு ஜெயிக்கவே முடியாமல் இருந்த பெங்களூர்கூட அந்த வருஷம் வந்து ஜெயித்துவிட்டுப் போனது. அதே மைதானத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக இருபது ஓவர் ஆடி எடுத்தது 103 ரன்.

சித்தப்பா சும்மா இருப்பாரா? "டேய், அவனுங்க தோத்தாலும் கோடி, ஜெயிச்சாலும் கோடி. உனக்கு என்னடா வந்துச்சு? நாளைக்குப் பரிட்சை எழுதப் போறது தோனியா, நீயா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. கேட்டதும் பையன் தலையைக் குனிந்துகொள்வான். பதில் தெரியாது. ஆனால் பதில் இருக்கிறது. சித்தப்பா சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு.

முதலில் சரியான பாதி. ஐபிஎல் அணி என்பது ஒரு கம்பெனி. 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். அன்றைய கணக்கில் ஆறு கோடி ரூபாய். அவருக்கும் சென்னைக்கும் அதுவரை பெரிய உறவு எதுவும் இல்லை. ஊர் ராஞ்சி. பெயர்தான் சென்னை, ஆடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து கிளம்பி இந்திய அணி வரை போன நடராஜன், 2025 வரை ஒரு ஐபிஎல் ஆட்டத்தில்கூடச் சென்னைக்கு ஆடியதில்லை. பஞ்சாப், ஹைதராபாத், டெல்லி என்று ஆடினார். 2023 இறுதி ஆட்டத்தில் சென்னையின் பந்துவீச்சைப் பிய்த்து உதறி 47 பந்தில் 96 ரன் எடுத்தவர் யார்? குஜராத்துக்கு ஆடிய சாய் சுதர்சன். பக்கா சென்னைப் பையன்! அவர் அவுட் ஆனபோது ராஜகுளத்துப் பையன் எழுந்து குதித்தான். அவரை அவுட்டாக்கிய பதிரானா இலங்கைக்காரர்.

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப்பற்று பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வருவதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே நேரத்தில் ஒரே பந்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார ஒரு காரணம் வேண்டும். அந்த அணி அதைக் கொடுத்தது. நேரமும் கூடி வந்தது. 2006 முதல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம். 2008-ல் ஐபிஎல் ஆரம்பித்தது. பெட்டியும் வந்தது, பெட்டிக்குள் ஓர் அணியும் வந்தது. ராஜகுளத்துப் பையனின் அண்ணனுக்கு அப்போது பத்து வயது. அவன்தான் அந்த வீட்டின் முதல் ரசிகன். தம்பிக்கு இது அண்ணனின் பழைய சைக்கிள் மாதிரி வழிவழியாக வந்தது.

அண்ணன் பட்ட பாடு தம்பிக்குத் தெரியாது. 2015 ஜூலை 14 அன்று நீதிபதி லோதா குழு சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தது. சூதாட்ட விவகாரம். தப்பு செய்தது அணியோடு சம்பந்தப்பட்ட மேலிடத்து ஆள். தண்டனை அணிக்கு. அழுதது பிளஸ் டூ படிக்கிற பையன்கள்.

2016-ல் டிவியைப் போட்டால் தோனி புனே அணிக்குக் கேப்டன். ரெய்னா குஜராத் லயன்ஸுக்குக் கேப்டன், கூடவே ஜடேஜா, பிராவோ, மெக்கல்லம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் பாகப்பிரிவினைக்குப் பிறகு எதிரெதிரே நிற்கிற மாதிரி. யாருக்குக் கை தட்டுவது? பலர் புனேவுக்குப் போனார்கள். சிலர் பார்ப்பதையே விட்டார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் புனே அணியும் இல்லை, அந்தக் குஜராத் லயன்ஸும் இல்லை. ஆட வீரர் கிடைப்பார், வாங்க முதலாளி கிடைப்பார். ஆனால் காத்துக்கொண்டிருக்கிற பையன்கள் இல்லாவிட்டால் அணி என்பது வெறும் பெயர்ப்பலகை. சென்னைக்கு அந்தப் பையன்கள் இருந்தார்கள். 2018-ல் திரும்பி வந்து அதே வருஷம் கோப்பையையும் வாங்கியது.

அந்த வருஷத்தில் இன்னொரு சோதனையும் இருந்தது. காவிரிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும்போதே மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இது சாதாரண விஷயமில்லை. தண்ணீர் கேட்கிறவனும் தன் ஆள்தான், ஆடுகிறவனும் தன் ஆள்தான். ஆயிரம் பேர் வரை தனி ரயிலில் ஏறிப் புனே போய் ஆட்டம் பார்த்தார்கள், செலவு அணியுடையது. அதை நல்ல செயல் என்றே சொல்லலாம். ஆனால் காவிரிக்காகக் குரல் கொடுத்தவனை "கிரிக்கெட்டுக்கு எதிரி" என்று ஏசிய ரசிகனும் இருந்தான். அது பற்று இல்லை. மயக்கம்.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தையது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடியும் நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. ஊரை நேசித்ததால்தான் அப்படிக் கறாராக எழுதினார்கள். 2015-ல் லோதா குழு சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். நம் அணி என்பதற்காக "தடை அநியாயம், சதி" என்று கத்துவதைவிட, "நம் அணியா இப்படி?" என்று வெட்கப்படுவதுதான் நல்ல ரசிகனுக்கு அழகு. வெட்கப்பட்ட பிறகும் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பது அதைவிட அழகு.

சரி, சித்தப்பாவின் தப்பான பாதிக்கு வருவோம். "உனக்கு என்ன வந்தது?"

உலகத்தின் மறுகோடியில், டொரண்டோவில், ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். அங்கே வளர்கிற பிள்ளைகளின் ஊர் அணி ஐஸ் ஹாக்கி ஆடும் மேப்பிள் லீஃப்ஸ். அந்த அணி கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வாங்கியது 1967-ல்! அப்போது லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. 2025-லும் இரண்டாவது சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துப் போய்த் தோற்றது. தாத்தா காலத்தில் வாங்கிய கோப்பையின் கதையை வைத்துக்கொண்டே பேரன் நீலச் சட்டை போடுகிறான். அதே கனடாவில் கியூபெக் நகரத்துப் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். 1995-ல் அவர்களுடைய அணியைத் தூக்கி அமெரிக்காவின் டென்வருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போன அடுத்த வருஷமே அந்த அணி வேறு பெயரில் கோப்பை வாங்கியது. எப்படி இருந்திருக்கும்?

இவர்களோடு பார்த்தால் சென்னை ரசிகன் கொழுத்துப் போனவன். 2025 வரை ஆடிய பதினாறு சீசனில் பன்னிரண்டு தடவை பிளேஆஃப், ஐந்து கோப்பை. 2023 மே மாதம், மழையால் தள்ளிப்போன இறுதி ஆட்டத்தில், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில், இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்ற நிலையில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்தார். ராஜகுளத்தில் அந்த நேரத்தில் நாய்கூடத் தூங்கியிருக்கும், பையன் தூங்கவில்லை. அது வரம். ஆனால் அந்த இரவு அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. சந்தோஷம் மட்டும் கொடுத்தது. கற்றுக்கொடுத்தது 2025 தான். அதே வருஷம் நவம்பரில் அதே ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். வியாபாரம் வியாபாரம்தான் என்று அதுவும் கற்றுக்கொடுத்தது.

தன் கையில் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருப்பது, தோற்ற மறுநாள் நண்பர்கள் கிண்டலுக்கு முகம் கொடுப்பது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்வது, சொன்னதை நம்புவது... இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. ஏரிப் பாசனத்தை நம்பி ஒவ்வொரு வருஷமும் விதைக்கிற சித்தப்பாவுக்கு இது தெரியாதா என்ன? மழை வராத வருஷத்துக்கு அடுத்த வருஷமும் அவர் விதைக்கத்தானே செய்கிறார்? பையனுக்கு வந்தது அந்தப் பழக்கம்தான். சின்ன அளவில், பசி பட்டினி இல்லாமல், பதினைந்து வயதில்.

இவ்வளவு கொடுக்கிற பையனுக்கு லீக் திருப்பிக் கொடுப்பது என்ன? இங்கேதான் கோபம் வர வேண்டும். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. விற்றது என்ன? பந்தையும் மட்டையையுமா? ராஜகுளம் மாதிரி ஊர்களில் திறந்திருக்கிற கண்களை. அந்தக் கண்கள் நேரில் பார்க்க வேண்டுமென்றால்? 2024-ல் சேப்பாக்கத்தில் குறைந்தபட்ச டிக்கெட் 1,700 ரூபாய், அதுவும் இணையத்தில் மட்டும். அந்த வருஷம் நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 319 ரூபாய். தனியாக அனுப்ப முடியாத பையனோடு அம்மாவும் போனால், டிக்கெட்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட பதினொரு நாள் கூலி. உத்திரமேரூரிலிருந்து சேப்பாக்கம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரவு பதினொரு மணிக்கு மேல் ஆட்டம் முடிந்தால் செங்கல்பட்டு வரை எப்படியாவது வரலாம். அங்கிருந்து ஊருக்கு? விடியும் வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார வேண்டியதுதான்.

அவனுடைய தங்கை நிலை இன்னும் கொஞ்சம் கஷ்டம். அவளும் அதே டிவியில் அதே அணியைப் பார்த்து வளர்ந்தவள். 2023-ல் பெண்களுக்கான லீக் வந்தது. மும்பை, டெல்லி, பெங்களூர், குஜராத், உத்தரப் பிரதேசம் என்று ஐந்து அணிகள். சென்னை இல்லை. அவள் யாருக்கு விசில் அடிப்பாள்?

பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சிறு பகுதி இருக்கைகள், மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பள்ளி வழியாகவே, பஸ் ஏற்பாட்டோடு. புனேவுக்கே ரயில் விட முடிந்தவர்களுக்கு உத்திரமேரூருக்கு ஒரு பஸ் விடுவது பெரிய விஷயமா? தோற்கிற வருஷத்தில் விட்டால் இன்னும் நல்லது. யார் உண்மையான ரசிகன் என்று அப்போதுதான் தெரியும்.

அதுவரை ராஜகுளத்துப் பையன் செய்வதைச் செய்துகொண்டுதான் இருப்பான். 2025 மே மாதக் கடைசியில், சென்னை பத்தாவது இடத்தில் முடித்த மறுநாள், கோடை விடுமுறை. தண்ணீர் வற்றிய ஏரிக்குள் ஸ்டம்ப் நட்டாகிவிட்டது. பையன் வந்தான். என்ன சட்டை என்று கேட்க வேண்டுமா? எண் பாதி உரிந்த அதே மஞ்சள் பனியன்தான்.

சித்தப்பா பார்த்தார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.