வர்ணம் தெரியும், வாத்தியார் பெயர் தெரியுமா?

பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "தர்பார் ராகத்தில் 'சலமேல' வர்ணம் பாடுகிறாயே, அதைச் செய்தவர் யார்?" பெரும்பாலும் பிள்ளை விழிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் விழிப்பார்கள். விடை எங்கேயோ தஞ்சாவூர்ப் பக்கம் இல்லை, நம் ஊரிலேயே இருக்கிறது. அவர் திருவொற்றியூர் தியாகய்யர்.

அவருடைய தகப்பனார் வீணை குப்பய்யர் (1798-1860). தியாகராஜ சுவாமிகளிடம் நேரே பாடம் கேட்ட சீடர். வாய்ப்பாட்டு, வீணை இரண்டிலும் வல்லவர். அவர் அழைத்துத்தான் சுவாமிகள் திருவொற்றியூருக்கு வந்தார் என்பார்கள். நாம் வடிவுடையம்மன் என்று கும்பிடும் திரிபுரசுந்தரியின் மேல் அப்போது அவர் பாடிய ஐந்து கீர்த்தனங்கள்தான் திருவொற்றியூர் பஞ்சரத்தினம். குப்பய்யரின் மகன் தியாகய்யர் (1845-1917). குருவின் பெயரும் அதுதான், நம் கோயில் சுவாமியின் பெயரும் அதுதான்.

அப்பா, மகன் இருவரும் கீர்த்தனங்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இன்றும் வீட்டுக்கு வீடு உயிரோடு இருப்பது வர்ணங்களில். பேகடா, நாராயணகௌளை வர்ணங்கள் அப்பாவுடையவை. தர்பார், சஹானா வர்ணங்கள் மகனுடையவை. வர்ணம் என்பது வாத்தியாருடைய சரக்கு. ஒரு ராகம் எங்கே நிற்கும், எங்கே வளையும், எந்த ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் போகும் என்பதையெல்லாம் சில ஆவர்த்தனங்களுக்குள் அடக்கி, பிள்ளையின் தொண்டைக்கும் விரலுக்கும் பழக்கிவிட வேண்டும். முதலில் சௌக்கமாக, பிறகு இரண்டாம் காலத்தில். சபையில் கைதட்டல் வாங்கிக் கொடுப்பது மற்ற உருப்படிகள். வர்ணம் அவற்றுக்கு ஆளைத் தயார் செய்கிறது. 1900-ல் தியாகய்யர் 'பல்லவி ஸ்வரகல்பவல்லி' என்ற புத்தகத்தை அச்சிட்டு, தம்முடையதோடு தகப்பனாரின் உருப்படிகளையும் சேர்த்து வெளியிட்டார். தகப்பனார் போய் 40 வருஷம் ஆன பிறகு! அப்பா இறந்தபோது பிள்ளைக்கு வயது பதினைந்துதான் இருக்கும். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கே அந்தப் பொறுப்பு தெரிந்திருக்கிறது.

2021-ல் நம் பக்கம் மெட்ரோ ரயில் வந்தது. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் துரை நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய பேட்டை, நம் வாயில் காலடிப்பேட்டை ஆகி, இன்று நிலையத்தின் பெயராக நிற்கிறது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் விம்கோ நகர் நிலையத்தில் இருக்கிறது. இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உலகத்தில் கர்நாடக சங்கீதம் கற்கும் இடத்திலெல்லாம் பாடப்படும் வர்ணங்களைத் தந்த மனிதருக்கும் அந்த வரிசையில் ஒரு பலகை இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

நான் எழுத்தராக வேலை பார்த்தவன். கோப்பில் குறிப்பு எழுதுவது நாங்கள், கையெழுத்து அதிகாரியுடையது. ஆனாலும் ஓரத்தில் எங்கள் சுருக்கொப்பம் இருக்கும். பிற்காலத்தில் யாராவது புரட்டினால், இதை எழுதியவன் இன்னான் என்று தெரியும். பாட்டு வாத்தியாருக்கு அந்தச் சுருக்கொப்பம்கூடக் கிடையாது. அவர் வேலை முழுக்க இன்னொருவர் குரலுக்குள் போய்விடுகிறது.

மியூசிக் அகாடமி 1942-ல் சங்கீத கலாநிதி பட்டத்தைத் தொடங்கியது. சங்கீத கலா ஆசார்யா என்ற விருது வந்தது 1993-ல். இடையில் 51 வருஷம். கலாநிதிகளிலும் பெரிய ஆசிரியர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கற்பிப்பது தனியாக மரியாதை செய்ய வேண்டிய தொழில் என்று தோன்ற நமக்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிக் குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் 'பால்ம் அகாதெமிக்' என்று ஒரு கௌரவம் வைத்திருக்கிறார்கள். 1808-ல் நெப்போலியன் தொடங்கியது, கல்விப் பணி செய்தவர்களுக்கு என்றே உள்ளது. கோட்டில் குத்திக்கொள்ள ஒரு ஊதா ரிப்பன், அவ்வளவுதான். எங்கள் ஆசிரியர் ஒருவர் விழா நாட்களில் அதை அணிந்து வருவார். அதன் அர்த்தம் கடைத்தெருவில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

இங்கே நிலைமை என்ன? 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்குப் பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் ஆகியவற்றோடு இசையும் அதில் உண்டு. தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அது 12,500 ஆனது 2024-ல். பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் போராடுகிறார்கள். வீட்டில் நாலு பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு டீச்சருக்கு அந்தத் தொகுப்பூதியமும் இல்லை. பரீட்சை மாதம் வந்தால் முதலில் நிற்பது பாட்டு வகுப்புதான், அந்த மாதச் சம்பளமும் சேர்ந்து நிற்கும். குறிப்பு எழுதிய எனக்கு மாதம் தவறாமல் ஓய்வூதியம் வருகிறது. ஒரு தலைமுறைக்கே ஸ்ருதி சேர்த்துவிட்ட அந்த அம்மாவுக்குப் பணிப்பதிவேடே கிடையாது.

"நல்ல குருவுக்கு சிஷ்யனே விருது" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விருதைக் காட்டி மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது. பெரும்பாலும் இதைச் சொல்பவர்கள் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள்.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நம் கையில் இருப்பது இரண்டு. கச்சேரி அழைப்பிதழ்களில் பாடகர் கடைசியாகச் சேர்ந்த பிரபல வித்வானின் பெயர்தான் இருக்கும். சரளி வரிசை சொல்லிக்கொடுத்த உள்ளூர் டீச்சரின் பெயர் இருக்காது. அதைப் போடச் சொல்லுங்கள். உங்கள் பேத்தி வர்ணம் பாடி முடித்ததும், "இது தியாகய்யர் செய்தது, நம் திருவொற்றியூர்க்காரர்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பரீட்சை மாதத்திலும் டீச்சரின் சம்பளத்தைக் கொடுத்தனுப்புங்கள்.