சாவியை யாரிடம் கொடுக்கிறீர்கள்?

லீவுக்கு காலேஜ் நண்பன் வீட்டுக்கு மீமிசல் போயிருந்தேன். அறந்தாங்கியில் பஸ் ஏறி, ஆவுடையார்கோவில் தாண்டி, ஈ.சி.ஆர். ரோட்டில் இறங்கினால் சூப்பர் கடல் காத்து! நண்பனோட அம்மா வைத்த மீன் குழம்பைப் பற்றித் தனியாக ஒரு பக்கமே எழுதலாம். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வேறொரு மேட்டர் வந்துவிட்டது.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளதானே? இதக் கொஞ்சம் பாருப்பா" என்று தங்கச்சியோட லேப்டாப்பைக் காட்டினார் அம்மா. திரையின் ஓரத்தில் சிவப்புக் கட்டம். 'உங்கள் கம்ப்யூட்டரில் 37 வைரஸ்கள்! உடனே சுத்தம் செய்யுங்கள்!' மூடினால் ஐந்து நிமிஷத்தில் திரும்பவும் வருகிறது. தங்கச்சி பயந்துபோய் அதை க்ளிக் பண்ணி, 2,999 ரூபாய் கட்டுகிற பக்கம் வரைக்கும் போய்விட்டாள். அம்மா கையில் ஏ.டி.எம். கார்டு. அத்தா கத்தாரிலிருந்து அனுப்பிய பணம், அடுத்த வாரம் கட்டவேண்டிய செமஸ்டர் ஃபீஸ், எல்லாம் அந்த ஒரே அக்கவுண்டில்!

"மொதல்ல கார்டை உள்ள வைங்கம்மா" என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். ஏதோ ஒரு பாட்டு டவுன்லோடு சைட்டில், 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கிறது. தங்கச்சி யோசிக்காமல் 'அலோ' கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த சைட் அனுப்பும் விளம்பரம்தான் அந்தச் சிவப்புக் கட்டம். க்ரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய் அந்த சைட்டைத் தூக்கினேன். ரெண்டே நிமிஷம். கட்டம் காலி!

"அப்ப அந்த 37 வைரஸ்?"

"அது அவங்க கற்பனை!"

பழைய டிராமா, புது மேக்கப்

இந்த டிராமா நேற்று ஆரம்பித்ததில்லை பாஸ். 'வின்ஃபிக்ஸர்' என்ற பெயர் பழைய கம்ப்யூட்டர் ஆசாமிகளுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாத வைரஸைக் காட்டி பயமுறுத்தி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் போலி சாஃப்ட்வேரை விற்றார்கள் என்று 2008-ல் அமெரிக்காவின் வர்த்தக கமிஷனான எஃப்.டி.சி. வழக்குப் போட்டது. 2012-ல் கோர்ட் விதித்த தொகை சுமார் 16 கோடி டாலர்! அதோடு முடிந்ததா? 2024-ல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு கம்பெனிகள் மீதும் கிட்டத்தட்ட இதே புகார். 2 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து செட்டில் பண்ணினார்கள்.

லேப்டாப்பை இன்னும் கொஞ்சம் நோண்டினால் இன்னொரு ஷாக். 'டவுன்ல ஒரு கடையில 300 ரூபாய்க்கு' ஆன்ட்டி வைரஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது கிராக் பண்ணின காப்பி. அப்டேட் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தினம் புதுப்புது வைரஸ் வருகிற உலகத்தில், இது போன வருஷ போட்டோவை வைத்துக்கொண்டு இந்த வருஷத் திருடனைத் தேடுகிற வாட்ச்மேன்!

அம்மா சொன்ன பதில்

"அப்ப நல்ல ஆன்ட்டி வைரஸ்னு எதத்தான் நம்புறது?" என்றாள் தங்கச்சி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டார்.

"பக்கத்து வீட்டுல எல்லாரும் துபாய்ல இருக்காங்க. சாவிய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க. வழியில போறவன்கிட்டயா குடுப்பாங்க?"

இதுக்கு மேல என்ன வேணும்? ஆன்ட்டி வைரஸ் என்பது வீட்டுச் சாவி வாங்குகிற ஆள். கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லா ஃபைலையும் திறந்து பார்க்க அதற்கு அனுமதி உண்டு. நீங்கள் எந்த சைட்டுக்குப் போகிறீர்கள் என்பதும் அதற்குத் தெரியும். அப்போதுதான் அது வேலை செய்ய முடியும். அதனால் தப்பான ஆன்ட்டி வைரஸ் போடுவது, எதுவுமே போடாமல் இருப்பதைவிட மோசம்.

நல்ல பெயர் எடுத்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். கோடிக்கணக்கான பேர் இலவசமாகப் பயன்படுத்திய அவாஸ்ட், 'உங்களை யாரும் பின்தொடராமல் பாதுகாப்போம்' என்று சொல்லிக்கொண்டே, பயனாளர்கள் எந்தெந்த சைட்டுக்குப் போனார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணைக் கம்பெனி மூலம் விற்றது. 2020-ல் விஷயம் வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-ல் எஃப்.டி.சி. 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லி, விளம்பரத்துக்காக இப்படி விற்கவும் தடை போட்டது.

சாவி கொடுக்கும் முன் நாலு கேள்வி

1. யார் செய்தது? கம்பெனி பெயர், ஊர், எத்தனை வருஷமாக இருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டுப் பெயர்தான் உசத்தி என்றில்லை. கே7 கம்ப்யூட்டிங் 1991-ல் நம்ம சென்னையில் ஆரம்பித்த கம்பெனி. குவிக் ஹீல், புனேயில் ஒரு ரிப்பேர் கடையிலிருந்து வளர்ந்தது. ரிப்பேர் கடை அண்ணன் கைலாஷ் கட்கர், புரோகிராம் எழுதிய தம்பி சஞ்சய் கட்கர்!

2. காசு எங்கிருந்து வருகிறது? இலவசம் என்றால் யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று யோசியுங்கள். காசு கொடுத்து வாங்கும் பதிப்பை விற்பதற்காக இலவசமா, ஓகே. ஒன்றுமே புரியவில்லையா, விலை நீங்களாகவும் இருக்கலாம்.

3. யார் டெஸ்ட் பண்ணினது? ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் ஆன்ட்டி வைரஸ்களைச் சோதித்து மார்க் போட்டு இணையத்தில் வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட்டில் பாதுகாப்பு, வேகம், தொந்தரவில்லாமை மூன்றுக்கும் தலா 6 மார்க். மொத்தம் 18. நம்ம செமஸ்டர் மாதிரியேதான், ஆனா பிட் அடிக்க முடியாது!

4. அப்டேட் வருகிறதா? வராவிட்டால் அது வெறும் பொம்மை. இது விண்டோஸுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. லேப்டாப் தாங்குமென்றால் 11-க்கு மாறிவிடுங்கள்.

இந்த நாலையும் வைத்துப் பார்த்தால், சாதாரண வீட்டுக்குக் காசு செலவே தேவையில்லை. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. வேறு ஆன்ட்டி வைரஸ் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். அந்த 300 ரூபாய் கிராக்கைத் தூக்கியதும், டிஃபெண்டர் எழுந்து உட்கார்ந்து அப்டேட் வாங்கிக்கொண்டது. முழு ஸ்கேன் ஓட விட்டோம். சந்தேகமான ஃபைல் இரண்டு சிக்கியது. அந்த கிராக்கோடு வந்தவை! வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய மத்திய அரசே 2017-ல் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' என்ற மையத்தைத் தொடங்கி, இலவச டூல்களைத் தருகிறது. அதையும் மறக்காதீர்கள்.

போனை மறந்துட்டீங்களே!

கிளம்பும்போது அம்மாவோட போனையும் பார்த்தேன். வாட்ஸ்-அப்பில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை. நல்லவேளை, திறக்கவில்லை. படமோ, பி.டி.எஃப்.போ இல்லை, கடைசியில் 'ஏபிகே' என்று முடிகிற ஃபைல். அது பத்திரிகை அல்ல, ஆப்! இன்ஸ்டால் பண்ணி, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதியும் கொடுத்தால், பேங்க் அனுப்பும் ஓ.டி.பி. நேராகத் திருடன் கைக்குப் போய்விடும். கல்யாணமோ, டிராஃபிக் ஃபைனோ, வாட்ஸ்-அப்பில் வரும் ஏபிகே-யைத் தொடாதீர்கள். ஆப் வேண்டுமா, பிளே ஸ்டோர் போங்கள். அங்கேயும் டார்ச்லைட் ஆப் எதுக்குய்யா என் எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்கணும் என்று கேளுங்கள்.

மீறிப் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு போன் அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு. பேங்குக்கும் சொல்லுங்கள்.

ஃப்ரெண்ட்ஸ், வீட்டில் அப்பா அம்மாவுக்கு நீங்கள்தான் கம்ப்யூட்டர் எஞ்சினியர். 'உனக்கு ஒண்ணும் தெரியாது, விடும்மா' என்று சலித்துக்கொண்டால், அடுத்த தடவை அவங்க உங்களைக் கேட்காமலே கார்டு நம்பரைத் தட்டிவிடுவார்கள். பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள்.

நேற்று நண்பன் போன் பண்ணினான். செமஸ்டர் ஃபீஸ் கட்டியாச்சாம். "இப்பல்லாம் எந்த மெசேஜ் வந்தாலும் அம்மா 'இவனுக்கு யாரு சாவி குடுத்தா'ன்னு கேக்குறாங்கடா" என்றான்.

நீங்களும் கேளுங்க. அடுத்த வாரம் பார்ப்போமா?