இடப்பக்க ஜன்னலில் கல்வராயன்

சேலத்தில் விருத்தாசலம் பாசஞ்சரில் ஏறுகிறவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்வது நல்லது. அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் சேர்வராயன் மலை மெல்லப் பின்வாங்கும். வாழப்பாடி, ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம் என்று பாக்குத் தோப்புகள் ஓடி முடியும்போது கல்வராயன் எழுந்து நிற்கும். அதன்பின் சின்னசேலம் வரைக்கும் அந்த மலை வண்டியை விட்டுப் போவதில்லை. வலப்பக்கம் தூரத்தில் பச்சைமலை. இரண்டுக்கும் நடுவே வசிஷ்ட நதியின் தாழ்வான நிலம். இதைத்தான் ஆத்தூர் கணவாய் என்கிறார்கள்.

ரயிலுக்கு வெகுகாலம் முன்பே இது வழிதான். கொங்குப் பக்கத்திலிருந்து கடற்கரைக்கு இறங்க, மலையேறாமல் போகக்கூடிய பாதை. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர்க்காரர்களும் கம்பெனிக்காரர்களும் ஆத்தூர்க் கோட்டைக்காக மல்லுக்கட்டியது இதனால்தான். 1792-இல் சேலம் சீமை கம்பெனி கைக்கு வந்தது. 1930களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே மீட்டர்கேஜ் பாதை போட்டபோது, படைகள் நடந்த அதே தடத்தைத்தான் எடுத்துக்கொண்டது. மலையைக் குடையவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.

மலையேறும் ரயில் போடத் தெரியாத காலமல்ல அது. 1899-இல் குன்னூருக்குப் பல்சக்கரம் வைத்து வண்டியை ஏற்றியாயிற்று; 1908-இல் பாதை ஊட்டியையும் தொட்டது. அங்கே கவர்னருக்குக் கோடை மாளிகையும், துரைமார்களுக்குத் தேயிலைத் தோட்டமும் இருந்தன. கல்வராயனில் இருந்தவை கடுக்காயும் புளியும் சாமையும். அவற்றைத் தலைச்சுமையாக இறக்குகிற மலையாளிப் பழங்குடிகள். அதற்கு யார் இருப்புப்பாதை போடப்போகிறார்கள்?

மலையின் ஆட்சியும் வேறாக இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். அடிவாரத்தில் கலெக்டரும் தாசில்தாரும், மேலே ஜாகிர்தார். சுதந்திரம் வந்து, ஜமீன்கள் ஒழிந்து, மாநிலம் பெயர்கூட மாறியபிறகு, 1976-இல்தான் மலை அரசு வசம் வந்தது. கீழே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தெரிந்த மலை, நிர்வாகக் கணக்கில் வேறொரு காலத்தில் இருந்தது.

ரயிலும் பழங்குடி மக்களின் நிலமும் இப்படிப் பக்கத்தில் இருந்த கதை வேறு தேசத்திலும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் வில்லியம்ஸ் என்ற ஊரிலிருந்து கிராண்ட் கேன்யன் விளிம்பு வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் ஓடுகிறது. பள்ளத்தாக்கும் மாட்டுப்பண்ணை நிலமும் பார்ப்பதற்கென்றே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து ஏறுகிறார்கள். தாதுப்பொருள் இறக்கும் யோசனையில் தொடங்கிய பாதை. 1901-இல் விளிம்பைத் தொட்டு, பயணிகளை நம்பிப் பிழைத்து, கார்கள் பெருகியதும் 1968-இல் நின்று, 1989-இல் சுற்றுலாவுக்காக உயிர்பெற்றது. குதிரையில் வந்து பயணிகளை மிரட்டும் கொள்ளைக்கார வேஷம்கூட உண்டு, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அந்த ரயிலின் விளம்பரங்களில் அதிகம் வராத ஒரு சங்கதி, அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே பயிர்செய்து வாழ்ந்த ஹவசுபாய் மக்களுடையது. 1882-இல் அவர்களை 518 ஏக்கருக்குள் அடைத்தார்கள். 1919-இல் தேசியப் பூங்கா வந்தது. 1975-இல்தான் ஏறக்குறைய 1,85,000 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அங்கே 1975, இங்கே 1976. ஆனால் அங்கே நிலம் அந்த மக்களுக்கே திரும்பியது; இங்கே ஜாகிர்தாரிடமிருந்து அரசுக்கு மாறியது. உழுகிறவர் கையில் பட்டா இருக்கிறதா, வனத்துறை எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்ற வழக்கு அதற்குப் பிறகும் தீரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மக்களின் நிலை பற்றி அரசைக் கேள்வி கேட்டது. சாலை எங்கே, மருத்துவம் எங்கே என்று கேட்க அத்தனை சாவு வேண்டியிருந்தது.

சரி, ஜன்னலுக்கு வருவோம். ஆத்தூரை நெருங்கும்போது முதலில் மூக்குக்குத்தான் தெரியும்: சேகோ ஆலைகளின் புளித்த வாடை. குச்சிக்கிழங்கை அரைத்து, பால் பிழிந்து, மாவைத் தெளியவைத்துச் சிமென்ட் களத்தில் காயப்போட்டிருப்பார்கள். வெயிலில் கண் கூசும் வெள்ளை. பிழிந்த சக்கை திப்பி என்ற பெயரில் மாட்டுத் தீவனமாகப் போகும். அடுத்து தலைவாசல். அறுவடை முடிந்த சோளக்காட்டில் செம்மறி கிடை. வலைக்குள் நெருக்கியடித்து நிற்கும் ஆடுகள், பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடைக்காரர். ஆட்டுக்கு மேய்ச்சல், காட்டுக்கு எரு என்ற பழைய ஏற்பாடு. அதே தலைவாசல் பக்கத்தில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் 2021-இல் கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். சின்னசேலத்து அரசு ஆட்டுப்பண்ணை அதற்கும் மூத்தது. நம்மூர் மேய்ச்சல் சீமை என்று ஒன்று உண்டென்றால் இந்த வறண்ட பட்டையைத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் பகல் வண்டியில் போனால்தான் பார்க்கலாம். சென்னை எழும்பூருக்கும் சேலத்துக்கும் இடையே ஓடும் எக்ஸ்பிரஸ் இந்தக் கணவாயை இரண்டு திசையிலும் இருட்டில்தான் கடக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. சென்னைக்குப் போகிறவருக்கு வேலைக்குப் போய்ச்சேரும் நேரம்தான் முக்கியம், மலை காத்திருக்கும்.

குறை வேறிடத்தில். சின்னசேலத்தோடு ரயில் தென்கிழக்காகத் திரும்பிவிடுகிறது. புக்கிரவாரி, கூத்தக்குடி, முகாசாபரூர் என்று விருத்தாசலம் போகிறதே தவிர, கள்ளக்குறிச்சியைத் தொடுவதில்லை. இடைவெளி 16 கிலோமீட்டர். அதை இணைக்க 2006-07-இல் ஒப்புதல் கிடைத்தது. நிலம் எடுப்பதிலும் நிதியிலும் ஆண்டுகள் ஓடின. அதற்குள் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தது, மின்கம்பி வந்தது, பக்கத்துச் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலை நான்கு வழியானது. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரமே ஆகிவிட்டது. ஊர் பெரிதான வேகத்தில் தண்டவாளம் நீளவில்லை.

இந்த 16 கிலோமீட்டரைச் சிலர் சுற்றுலாவுக்கு என்கிறார்கள். வெள்ளிமலைக் கோடை விழா, மேகம் அருவி, கோமுகி அணை என்று பட்டியல் தயாராக இருக்கிறது. கண்ணாடிக் கூரைப் பெட்டி கேட்கிற கோஷ்டியும் வரும். வரட்டும். எனக்கென்னவோ, கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலையிலிருந்து இறங்கும் முதல் பஸ், கள்ளக்குறிச்சி ஸ்டேஷனில் காலை வண்டிக்கு முன்னால் வந்து நிற்குமா என்பதுதான் கேள்வி. சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியும், மண்டிக்குப் புளி கொண்டுபோகிறவரும் அதில்தான் வருவார்கள். ரயில்வே நேர அட்டவணையும் போக்குவரத்துக் கழகத்தின் அட்டவணையும் ஒரே மேஜையில் வைத்து எழுதப்பட வேண்டும். அந்த மேஜைக்கு மலையிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட வேண்டும்.