பட்டுப் பெற்ற பலமும் சொட்டில் பெற்ற பலமும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று ஆம்பூரில் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாமியாரும் மருமகளுமாக இருவர் என்னிடம் வந்தனர். மருமகளின் தோளில் ஐந்து வாரக் கைக்குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அப்பெண் வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவள். வரும் புதன்கிழமை குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். போனால் அரைநாள் தையல் கெடும். போகத்தான் வேண்டுமா என்பது அவள் கேள்வி.

மாமியாருக்கோ கேள்வியே இல்லை. "ஐயா, நான் ஆறு பெற்றேன். ஒன்றுக்கும் பேதிக்கென்று சொட்டு விட்டதில்லை. பல் முளைக்கும்போது பேதி வரும், போகும். நோய் வந்து போனால்தான் உடம்பு திடப்படும். மருந்தால் வருவது இரவல் பலந்தானே?" என்றார்.

இக்கேள்வி அந்த ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. பேரணாம்பட்டு முதல் இராணிப்பேட்டை வரை, தோல் தொழிலை நம்பி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இது எழுகின்றது. இதற்குரிய விடையைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் வேலூரிலேயே அது ஆராயப்பட்டிருக்கிறது.

கைக்குழந்தைகளைக் கடும் வயிற்றுப்போக்கிற்கும் வாந்திக்கும் ஆளாக்கும் கிருமிகளில் முதன்மையானது ரோட்டா வைரஸ். 1973ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் இதனைக் குழந்தைகளின் குடலில் கண்டறிந்தனர். சக்கரம் போன்ற வடிவினதாகையால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இதற்குப் பெயராயிற்று. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களை இது அழிக்கின்றது. அதனால் நீரையும் உப்பையும் குடல் உறிஞ்ச இயலாமற் போக, குழந்தை சில மணி நேரத்திலேயே வற்றிச் சோர்ந்துவிடுகிறது. இவ்வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. பல் முளைப்பதற்கும் இதற்கும் தொடர்பும் இல்லை. பற்கள் அரும்பும் பருவமும் இக்கிருமி தாக்கும் பருவமும் ஒன்றாக அமைவதால் பழி பல்லின்மேல் விழுகின்றது.

மாமியார் கூற்றில் உண்மையே இல்லையென்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை தாக்கிய கிருமியை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை வரும்போது விரைந்து எதிர்க்கிறது. மெக்சிகோ நாட்டில் 200 குழந்தைகளைப் பிறந்தது முதல் இரண்டு ஆண்டுகள் கவனித்து, 1996ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. இருமுறை ரோட்டா தொற்றிய குழந்தைகளில் ஒன்றுக்கேனும் அதன்பின் இவ்வைரஸால் நடுத்தரமான அல்லது கடுமையான பேதி வரவில்லை. அப்படியாயின் பாட்டியின் வாக்கே பலித்தது எனலாமோ?

வேலூருக்கு வருவோம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் அம்மையாரும் அவருடைய குழுவினரும், 2002ஆம் ஆண்டு தொடங்கி, நகரின் நெரிசல் மிக்க குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பதிவு செய்தனர். அவர்களுள் 373 பேரை மூன்று ஆண்டுகள் முழுவதும் தொடர்ந்து கவனித்தனர். வாரம் இருமுறை வீடு தேடிச் சென்றார்கள். நோய் இல்லாத நாளிலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை மலத்தைச் சேகரித்துச் சோதித்தார்கள். 2011ஆம் ஆண்டு வெளியான முடிவு உலகையே சிந்திக்க வைத்தது. ஆறு மாதம் நிறையுமுன்னரே 56 சதவீதக் குழந்தைகளை வைரஸ் தொற்றிவிட்டது. கண்டறியப்பட்ட தொற்றுகளில் ஏறத்தாழ 30 சதவீதமே முதல் தொற்று. எஞ்சியவையெல்லாம் வந்தவர்க்கே மீண்டும் வந்தவை. மூன்றுமுறை தொற்றுண்ட பின்னரும், நடுத்தரமான அல்லது கடுமையான நோயிலிருந்து கிடைத்த காப்பு 79 சதவீதமே. மெக்சிகோவில் இரண்டு பாடங்களில் கற்றதை, வேலூர்க் குழந்தையின் உடல் மூன்று பாடங்களிலும் முழுமையாகக் கற்கவில்லை. தொற்று மிக இளம் வயதிலேயே வருவதும், பலவகை ரோட்டா வைரஸ்கள் ஒருங்கே உலவுவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

இயற்கை கற்பிக்கும் ஆசிரியைதான். ஆயின் அவள் கேட்கும் கட்டணம் என்ன? தடுப்பு மருந்து வருமுன், இந்தியாவில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 78,000 பேர் ரோட்டா வைரஸால் இறந்தனர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நோயினால் பலம் பெற்றவர்களை நாம் கண்ணாரக் காண்கிறோம். பெறாமற் போனவர்கள் நம்முன் வந்து சாட்சி சொல்வதில்லை.

இனி, அந்த இரவல் என்னும் சொல்லை ஆராய்வோம். உண்மையில் இரவலாக வருவது, கருவிலிருக்கும்போது தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்குச் சேரும் எதிர்ப்பொருளே. அது சில மாதங்களில் கரைந்துவிடும். தடுப்பு மருந்தோ எதிர்ப்பாற்றலை ஆக்கித் தருவதில்லை. வலுக்குறைந்த கிருமியைக் குடலுக்குக் காட்டுகிறது. எதிர்ப்பாற்றலைக் குழந்தையின் உடலே உழைத்து உண்டாக்கிக்கொள்கிறது. பாடம் ஒன்றுதான், பிரம்படி மட்டும் இல்லை.

நம் நாட்டு மருந்தின் பிறப்பே இதற்குச் சான்று. 1980களின் நடுவில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், பிறந்த சில நாளே ஆன சிசுக்கள் சிலரிடம் ரோட்டா வைரஸ் காணப்பட்டது. எனினும் அவர்களுக்கு நோய்க்குறி இல்லை. அவ்வாறு தொற்றுண்ட சிசுக்களுக்குப் பின்னாளில் கடும் ரோட்டா பேதி குறைவாகவே வந்ததை மகராஜ் கிஷன் பான் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடன் உழைத்தோரும் கண்டனர். அந்தச் சாதுவான வைரஸிலிருந்தே, ஐதராபாத்தில் 'ரோட்டாவாக்' என்னும் வாய்வழி மருந்து உருவாயிற்று. ஆக, இயற்கையிடம் கற்ற பாடமே சொட்டு மருந்தாக வந்தது. இரண்டும் பகையல்ல.

டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைக் கொண்டு இம்மருந்து சோதிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, கடுமையான ரோட்டா பேதியை அது ஏறத்தாழ 54 சதவீதம் குறைத்தது. செல்வ நாடுகளில் இத்தகைய மருந்துகள் 85 சதவீதத்திற்கும் மேலாகக் காக்கின்றன. "பாதிதானே காக்கிறது?" என்று முகம் சுளிக்கலாம். ஆனால் மேலே கண்ட ஆய்வை நினைவிற் கொள்க. நோயே நேரில் வந்து கற்பித்தும் இம்மண்ணில் முழுக் காப்புக் கிட்டவில்லை. குறை மருந்தில் மட்டும் இல்லை. நெரிசலிலும், ஊட்டக் குறைவிலும், குடலில் ஓயாது குடியேறும் பிற கிருமிகளிலும் இருக்கிறது. ஊர் முழுவதும் பாதியளவு குறைவதே எத்தனை தொட்டில்களைக் காக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேலூர் இதனை முன்பே கண்டது. போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தும் இங்குள்ள குழந்தைகள் பலருக்குப் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை என்று அதே கல்லூரியின் டாக்டர் தி. ஜேக்கப் ஜான் 1970களில் எடுத்துக்காட்டினார். அதற்காக மருந்தைக் கைவிட்டோமா? தவணைகளைக் கூட்டினோம்; ஒரே நாளில் ஊரையே அழைத்துக் கொடுத்தோம். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோய் 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது.

மருந்தில் ஆபத்தே இல்லையா என்று கேட்பதும் நியாயமே. அமெரிக்காவில் முதன்முதல் வந்த ரோட்டா மருந்து, குடல் ஒன்றினுள் ஒன்று செருகிக்கொள்ளும் அரிய கோளாற்றை உண்டாக்கியதால் 1999ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. எனவே நம் நாட்டிலும் இக்கோளாறு மருத்துவமனைகள் பலவற்றில் கண்காணிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ரோட்டாவாக் மருந்தால் அது மிகுந்ததாகக் காணவில்லை. எனினும், குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, வாந்தியெடுத்து, மலத்தில் இரத்தம் போனால், மருந்து கொடுத்திருந்தாலும் கொடுக்காவிடினும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் இம்மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தவணைகள். இதில் காலமே முக்கியம். ஆறு மாதத்திற்குள் பாதிக் குழந்தைகளைக் கிருமி எட்டிவிடுகிறதென்றால், தள்ளிப்போடுவது அதற்கு வழிவிடுவதேயாகும். ஒரு வயது கடந்தபின் முதல் தவணை தொடங்கப்படுவதும் இல்லை. மருந்தையொட்டித் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை; நிறுத்திப் பார்த்த ஆய்வில் பயனேதும் கிட்டவில்லை. மருந்து பெற்ற குழந்தைக்கும் பேதி வரலாம். வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைச் சுத்தமான நீரில் அதன்மேல் குறித்த அளவில் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுங்கள், தாய்ப்பாலைத் தொடருங்கள், மருத்துவர் சொற்படி துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றபின்னும் 14 நாள் நிறையுமட்டும் கொடுங்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் காத்திருக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் முற்றத்தில் நின்றே சொன்னேன். மருமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அம்மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு பெற்றேன் என்றேனே ஐயா. வளர்ந்தது ஐந்துதான். மூன்றாவது, எட்டு மாதத்துப் பிள்ளை. இரண்டே நாள் பேதி. பல் முளைக்கிறது என்றுதான் இருந்தோம்" என்றார்.

அக்குழந்தையைக் கொண்டுபோனது எந்தக் கிருமி என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. நானும் சொல்லவில்லை.

மூதாட்டி பேத்தியைத் தம் கைக்கு வாங்கிக்கொண்டார். "புதன்கிழமை நான் தூக்கிக்கொண்டு போய் வருகிறேன். நீ உன் தையலைப் பார், அம்மா" என்று மருமகளிடம் சொன்னார்.