பகிடியும் வதையும்

லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பொது மண்டபத்தில் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் போடுவார்கள். மறதி நோய் வந்தவர்களுக்குப் பழைய பாட்டும் பழைய படமும் நல்லது. பெற்ற பிள்ளையின் பெயரை மறந்துபோன ஒருவர், ஐம்பது வருடத்துக்கு முந்திய பாட்டை அடி பிசகாமல் பாடியதை நானே கேட்டிருக்கிறேன். ஆகவே நனவிடை தோய்வதே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. எதை நினைத்துத் தோய்கிறோம், அதில் யார் நனைகிறார்கள், யார் மூழ்குகிறார்கள் என்று கேட்கத்தான் வருகிறேன்.

எங்கள் மண்டபத்தில் ஆண்கள் அதிகம் கேட்பது 'பென்னி ஹில் ஷோ'. தெரியாதவர்களுக்காக: பென்னி ஹில் 1924இல் சவுதாம்ப்டனில் பிறந்த நகைச்சுவை நடிகர். 1969 முதல் 1989 வரை தேம்ஸ் தொலைக்காட்சியில் அவருடைய நிகழ்ச்சி போனது. 1971இல் ஒரு தடவை பிரித்தானியாவில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள். அதன் தனி முத்திரை, மௌனப் படங்களைப் போலச் செய்த துண்டு நாடகங்கள். பேச்சு இல்லை. ஆட்கள் சாவி கொடுத்த பொம்மைகள் போல வெடுக்கு வெடுக்கென்று நடப்பார்கள். கடைசியில் ஒரு துரத்தல். பின்னால் 'யக்கெட்டி சாக்ஸ்' என்ற சாக்ஸபோன் இசை. பூட்ஸ் ராண்டால்ஃப் என்ற அமெரிக்கக் கலைஞர் 1963இல் வெளியிட்ட அந்த மெட்டு, இன்று பென்னி ஹில்லின் மெட்டாகவே உலகத்துக்குத் தெரியும். பேச்சு இல்லாததால் மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. நிகழ்ச்சி தேசம் தேசமாகப் போனது.

அதில் வரும் பெண்கள் யார்? தாதி, தட்டெழுத்துக்காரி, வேலைக்காரி, கடற்கரைக்கு வந்தவள். அவள் குனிவாள், அவர் பார்ப்பார். அவள் நடப்பாள், பாவாடை எதிலாவது மாட்டிக் கழன்றுவிடும். 1980 அளவில் 'ஹில்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற இளம்பெண்களின் நடனக்குழுவும் சேர்ந்தது. உடை குறைந்தது, கமரா இன்னும் கீழே இறங்கியது.

பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு முதியவருக்கு அந்த மெட்டு மனப்பாடம். பெண் பராமரிப்பாளர்கள் கட்டில் விரிப்பை மாற்றக் குனியும்போது அதை வாயால் வாசிப்பார். பிறகு கையை நீட்டுவார். புதிதாக வேலைக்கு வந்த மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து சொன்னாள்: "அக்கா, அவர் கை வைக்கிறார். எனக்கு அந்த அறைக்குப் போக ஏலாது."

நான் சொன்ன பதில் இது: "வயசு போன மனுசன் பிள்ளை. பகிடிக்குச் செய்யிறார். பெரிசா எடுக்காத."

பக்கத்தில் நின்ற இன்னொருத்தி அதே மெட்டை முணுமுணுத்தாள். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பிள்ளையும் சிரித்தாள். அடுத்த கிழமை வேறு மாடிக்கு மாற்றம் கேட்டாள். அதற்கடுத்த மாதம் வேலையை விட்டாள். அந்த முதியவரின் மூளையில் நோய் இருந்தது. அவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நோய் இல்லாத எங்கள் சிரிப்புக்குத்தான் கணக்குக் கேட்கிறேன்.

பகிடி என்பது எங்கள் ஊரில் நல்ல சொல். பகிடி விடத் தெரிந்தவரை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதே ஊரில் 'பகிடிவதை' என்றொரு சொல்லும் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளை மூத்த மாணவர் படுத்தும் பாட்டுக்குப் பெயர் அது. அங்கே எங்களை வெயிலில் ஓடவிட்டுச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரிக்காவிட்டால் இன்னும் ஒரு சுற்று ஓட வேண்டும். இலங்கையில் 1998இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது. பகிடியும் வதையும் ஒரே நேரத்தில் ஒரே செயலாக இருக்கலாம் என்பதை எங்கள் மொழி ஒரு சொல்லிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. பகிடி செய்பவருக்கு, வதை படுபவருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

பென்னி ஹில்லுக்காக வாதாடுபவர்கள் முதலில் சொல்வது: "கடைசியில் பெண்கள்தானே அவரைத் துரத்துகிறார்கள்? அவர்தானே அடி வாங்குகிறார்?" உண்மை. அந்த நீண்ட ஓட்டத்தில் முன்னால் அவர் ஓட, பெண்களும் பொலிஸ்காரரும் கிழவர்களும் பின்னால் ஓடுவார்கள். ஆனால் அந்த ஓட்டம் எதனால் தொடங்குகிறது என்று பாருங்கள். அவர் எட்டிப் பார்த்தார், அல்லது தொட்டார். அதற்கான தண்டனையாக வருவது ஒரு விளையாட்டு. யாரும் பிடிபடுவதில்லை. அடுத்த நிகழ்ச்சியில் அதே மனிதர் அதே சிரிப்போடு வருவார். துரத்தும் பெண்ணின் உடம்பும் உள்ளாடையோடு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும். அவள் கோபம்கூடப் பார்ப்பவருக்கு விருந்து.

இரண்டாவது வாதம்: "அது மௌனப் படங்களுக்குச் செய்த மரியாதை. சப்ளின் காலத்து நகைச்சுவை அப்படித்தான் இருந்தது." இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மௌனப் படக் காலத்தில் கமராவைக் கையால் சுற்றினார்கள். பெரும்பாலும் ஒரு நொடிக்கு 16 முதல் 20 சட்டங்கள். ஒலி வந்த பிறகு 24 சட்டங்கள் ஓடும் கருவியில் அதே படங்களைப் போட்டார்கள். அதனால்தான் ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடுவது போலத் தெரிகிறது. சிரிப்புக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றியவர்களும் உண்டு. ஆனாலும் 'பழைய படம் என்றால் வேகமாக ஓடும்' என்ற நம்பிக்கையில் பாதி, பிற்காலக் கருவி செய்த கோளாறு. பென்னி ஹில் போலச் செய்தது அந்தக் கோளாறையும் சேர்த்துத்தான்.

போலச் செய்யாமல் விட்டதுதான் முக்கியம். 1914இல் கீஸ்டோன் கம்பனி 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்' என்ற படத்தை எடுத்தது. சப்ளின் தன்னுடைய நாடோடி வேடத்தை முதன்முதலாகப் போட்டது இந்தப் படத்துக்காகத்தான். ஹோட்டல் அறைக் கதவு பூட்டிக்கொள்ள, இரவு உடையோடு வெளியே மாட்டிக்கொள்கிறாள் ஒரு பெண். குடித்துவிட்டு வந்த நாடோடி அவள் பின்னால் போகிறான். பென்னி ஹில்லுக்கு அப்படியே பொருந்தும் கதை. ஆனால் அந்தப் பெண்ணாக நடித்த மேபல் நோர்மண்ட்தான் படத்தின் இயக்குநர். மாட்டிக்கொண்டவளின் தவிப்புத்தான் கதை. இந்தச் சங்கடத்திலிருந்து அவள் எப்படித் தப்புவாள் என்றுதான் நாம் பார்க்கிறோம். அவள் யாருடைய பரிசுப் பொருளும் ஆகவில்லை.

இங்கிலாந்திலேயே, 1910 தொடக்கம் சில வருடங்கள், 'டில்லி' என்ற தொடர் படங்கள் வந்தன. அல்மா டெய்லர், கிறிஸ்ஸி வைட் என்ற இரண்டு பதின்வயதுப் பெண்கள். 1911இல் வந்த ஒரு படத்தில் அவர்கள் தீயணைப்பு வண்டியையே ஓட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். துரத்தல் உண்டு, ஆனால் அவர்கள் ஓடுவது தங்கள் குறும்புக்காக. பிரான்சில் லியொந்தீன் என்ற சிறுமியின் படங்கள் வந்தன. அவள் கை பட்ட வீடு மிஞ்சாது. 1907இல் எடிசன் கம்பனி எடுத்த 'லாஃபிங் காஸ்' படத்தில் பேர்த்தா ரெகஸ்டஸ் என்ற கறுப்பினப் பெண் பல் வைத்தியரிடம் போகிறாள். வைத்தியர் கொடுத்த வாயுவால் சிரிக்கத் தொடங்கியவள், போகும் இடமெல்லாம் அந்தச் சிரிப்பைப் பரப்பிக்கொண்டே போகிறாள். அங்கே சிரிப்பின் முதலாளி அவள்தான். பஸ்டர் கீட்டனின் 'செவன் சான்சஸ்' (1925) படத்தில் நூற்றுக்கணக்கான மணப்பெண்கள் ஓர் ஆணைத் தெருத்தெருவாகத் துரத்துவார்கள், உடையோடுதான் துரத்துவார்கள். இப்படிப்பட்ட அடங்காத பெண்கள் நடித்த 99 மௌனப் படங்களை 2022இல் ஒரு தொகுப்பாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்திலும் அசிங்கமான படங்கள் இருந்தன. பெண்களுக்கெதிராகவும் கறுப்பின மக்களுக்கெதிராகவும் எத்தனையோ எடுத்தார்கள். அது பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பெண்களும் அங்கே இருந்தார்கள். ஐம்பது அறுபது வருடங்கள் கழித்து மௌனப் படத்தைப் போலச் செய்தவர்கள் தொப்பியை எடுத்தார்கள், தடியை எடுத்தார்கள், வேகத்தை எடுத்தார்கள். இயக்குநர் நாற்காலியில் இருந்த பெண்ணை விட்டுவிட்டார்கள். மௌனத்தை மட்டும் பெண்களுக்குக் கொடுத்தார்கள்.

அந்த மௌனம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். சத்தம் இல்லாத காட்சியில் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு இடமில்லை. அவள் வாய் திறந்தாலும் கேட்பது சாக்ஸபோன்தான். வேகமோ வலியைத் துடைத்துவிடுகிறது. கன்னத்தில் விழும் அறையும் பின்புறத்தில் படும் கையும் ஒரே 'டப்' ஆகிவிடுகின்றன.

மூன்றாவது வாதம்தான் எல்லோருக்கும் பிடித்தது: "அந்தக் காலம் வேறு. அப்போது யாரும் தப்பாக நினைக்கவில்லை." யாரும் என்றால் யார்? 1975இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடியிருந்து, வேலையிடத்தில் தங்களுக்கு நடப்பதற்குப் 'பாலியல் தொந்தரவு' என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் பிரித்தானியாவில் பால்சார் பாகுபாட்டுக்கெதிரான சட்டம் வந்தது. 1977 நவம்பரில் லீட்ஸ் நகரத்துப் பெண்கள் இரவில் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். பெண்களைக் கொல்லும் ஒருவன் பிடிபடாமல் திரிந்துகொண்டிருந்தான். பொலிசார் பெண்களைத்தான் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். இரவைத் திருப்பித் தா என்று அவர்கள் நடந்த அதே வருடங்களில்தான் தொலைக்காட்சியில் பெண்கள் பூங்காவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்கொட்லாந்தில் ஜீன் போர்செல்லி என்ற பாடசாலை ஆய்வுகூட உதவியாளர், உடன் வேலை செய்த இரண்டு ஆண்களின் தொந்தரவு தாங்காமல் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். போனதோடு விடவில்லை, வழக்குப் போட்டார். 1986இல் அங்கே மேல்நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று ஏற்றது. 'அந்தக் காலம்' என்பதற்குள் இந்தப் பெண்களும் இருந்தார்கள். நனவிடை தோய்பவர்களின் நினைவில்தான் அவர்கள் இல்லை.

நான்காவது: "பெண்ணியவாதிகள் சேர்ந்து ஒரு கலைஞனை ஒழித்துவிட்டார்கள்." 1989இல் நிகழ்ச்சியை நிறுத்தியது அதை ஒளிபரப்பிய தேம்ஸ் தொலைக்காட்சி. பார்ப்பவர் குறைந்துவிட்டார்கள், செலவு கூடிவிட்டது என்பவையும் அவர்கள் சொன்ன காரணங்கள். யாரும் தடை போடவில்லை. இன்றும் எங்கள் மண்டபத்தில் ஓடுகிறதே. விமர்சித்தால் ஒழித்தோம் என்கிறார்கள்; ஒழிந்ததோ அந்த மட்டக்களப்புப் பிள்ளையின் வேலை.

ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாவை அறைக்குக் கூட்டிப் போனேன். அவர் எழுபதுகளில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவர். வழியில் தானாகவே சொன்னார்: "நான் கோப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் எங்கள் மேலதிகாரி இந்த மெட்டைத்தான் வாயால் வாசிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்பார்கள்."

"இப்போது பார்க்கக் கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு எந்த நிகழ்ச்சி வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லையே" என்றார்.

மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் துரத்தல் காட்சி ஒன்றை யூடியூப்பில் எடுங்கள். சத்தத்தை நிறுத்துங்கள். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். இப்போது பாருங்கள். ஓர் ஆண், நீட்டிய கை, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண். உங்களில் எத்தனை பேர் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்து நடந்திருக்கிறீர்கள்? பிறகு கீட்டனின் மணப்பெண்களையும் டில்லியையும் அதே மாதிரிச் சத்தமில்லாமல், மெதுவாகப் பாருங்கள். சிரிப்பு அப்படியே இருக்கும். பெண்ணின் பயத்தில் நிற்காத நகைச்சுவைக்கு இசையின் முட்டு தேவைப்படுவதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன போடலாம் என்று பெண்களிடமும் கேட்கிறோம். நான்தான் கேட்டு எழுதி வைக்கிறேன். பென்னி ஹில்லும் சில வாரங்களில் வருவார். யாரும் அவரைத் தூக்கி எறியவில்லை. டில்லியை ஒரு வாரம் போட்டோம். அந்தத் தட்டெழுத்து அம்மா முன்வரிசையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

வேலையை விட்டுப்போன பிள்ளையின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. எடுத்துப் பேசினேன். "அது பகிடி இல்லை பிள்ளை. நான் சொன்னது பிழை" என்றேன். சிறிது நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பவே நீங்க அதைச் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.