யார் செய்தால் அது சேவை?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடித்தவுடன் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது அரிது. முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டமும் எம்கேட் தேர்வும், அதற்கும் பிறகுதான் எம்.டி. படிப்பு. அந்த முதல் நான்கு ஆண்டுகளில் இருப்பவர்களை 'பிரிமெட்' என்பார்கள். நான் நியூஜெர்சியில் மூன்றாம் ஆண்டு பிரிமெட்.

இங்கே மதிப்பெண் மட்டும் போதாது. மருத்துவமனையில் தன்னார்வப் பணி செய்திருக்க வேண்டும். ஒரு டாக்டரின் பின்னாலேயே போய் அவர் வேலையைப் பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பெயர் 'ஷேடோயிங்'. விண்ணப்பத்தில் இவற்றைப் பட்டியலிட 15 இடங்கள் உண்டு. அதில் மூன்றை வாழ்க்கையில் முக்கியமானவை என்று விரித்து எழுதலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனிதர்கள் மேல் அக்கறை இல்லாதவர் டாக்டராகக் கூடாது என்பதில் நமக்கென்ன மறுப்பு? ஆனால், அந்த 15 இடங்களை யாரால் நிரப்ப முடிகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலாம் ஆண்டில் ஒரு பொங்கல் விழாவில் அப்பாவுக்குத் தெரிந்த டாக்டர் அங்கிள் ஒருவரைப் பார்த்தேன். “உனக்கென்னம்மா கவலை, லீவுல நம்ம கிளினிக்குக்கு வந்துடு” என்றார். அடுத்து, “சொந்த ஊர் எது?” விழுப்புரம் பக்கம் என்றேன். “விழுப்புரத்துல எங்க?” ஊர்ப் பெயரைச் சொன்னேன். “ஊருக்குள்ளயா, இல்ல...” என்று இழுத்தார். பக்கத்தில் நின்ற அம்மா, “காலனிங்க” என்றார். “சரிம்மா, மெயில் அனுப்பு” என்று நகர்ந்துவிட்டார்.

மூன்று மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. அதே கோடையில் என் வகுப்புத் தோழி அங்கே இரண்டு வாரம் ஷேடோயிங் போனாள். அவள் அப்பா ஒரு போன் செய்திருந்தார், அவ்வளவுதான். இது சாதியால் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. கடல் தாண்டி வந்த சாதி ஆதாரம் எதையும் விட்டுவைப்பதில்லை. அது அடிப்பதில்லை, பதில் போடாமல் இருந்துவிடுகிறது.

பிறகு நானே ஒரு மருத்துவமனையில் விண்ணப்பித்து, காசநோய்ப் பரிசோதனை, பின்புல விசாரணை எல்லாம் முடித்துச் சேர்ந்தேன். சக்கர நாற்காலி தள்ளுவது, போர்வை கொடுப்பது, படுக்கை விரிப்பை மாற்ற உதவுவது என்று வாரம் நான்கு மணி நேரம். 100 மணி நேரம் ஆனதும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வீடியோ காலில் என் ஆயாவிடம் காட்டினேன். “சம்பளம் இல்லாமலா போற? அப்புறம் எதுக்குப் போற?” என்று கேட்டது.

ஆயா ஓர் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் துப்புரவு வேலை செய்தது. எனக்கு அது அப்பாவைப் பெற்ற ஆயா. அங்கே எல்லோருக்குமே அது 'ஆயா'தான், ஆனால் அது உறவுமுறை அல்ல. ரத்தம் துடைத்தது, நஞ்சுக்கொடி அள்ளியது, அழுத பெண்களின் தலையைத் தடவிக் கொடுத்தது. அதை யாரும் சேவை என்று சொல்லவில்லை. இந்தச் சாதிக்கு இந்த வேலை என்றார்கள். அதில் ஒரு சிறு துண்டை நான் செய்தால் சான்றிதழ். வேலை ஒன்றுதான். விரும்பி வந்து விரும்பியபோது விட்டுப்போக முடிந்தவர் செய்தால் அது சேவை, விட முடியாதவர் செய்தால் அது பிறவிக் கடன்.

கதவை அடைப்பது இந்த நாட்டுக்கும் புதிதல்ல. 1910இல் வந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அன்றிருந்த ஏழு கருப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. ஆனால் அந்த மக்கள் கதவு திறக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கவில்லை. கருஞ்சிறுத்தைகள் கட்சி 1970 வாக்கில் நகரம் நகரமாக இலவச மருத்துவ மையங்கள் திறந்தது. டாக்டர்களும் செவிலியர்களும் மாணவர்களும் அங்கே தன்னார்வலர்களாக நின்றார்கள். அரசு கண்டுகொள்ளாத அரிவாள் செல் சோகைக்கு அவர்களே பரிசோதனை நடத்தினார்கள். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயரெடுத்தது இவர்களிடமிருந்துதான். தன்னார்வப் பணிக்கு நான் தேடிய இலக்கணம் அங்கே இருந்தது. அது தன் மக்களுக்காகத் தன் மக்களோடு நின்று செய்வது. விண்ணப்பத்தை நிரப்புவதற்காகச் செய்வதல்ல.

என்னைப் போல் போன் போட அங்கிள் இல்லாத தம்பி தங்கைகளுக்குச் சில சொல்கிறேன். பெரிய மருத்துவமனைகளை மட்டும் நம்பாதீர்கள். காப்பீடு இல்லாதவர்களுக்கான இலவச கிளினிக்குகளுக்கு நேரில் போய்க் கேளுங்கள், அங்கே எப்போதும் ஆள் பற்றாக்குறை. இறுதிக்கால நோயாளிகளைப் பார்க்கும் ஹாஸ்பிஸ்களில் கேளுங்கள். மெடிகேர் பணம் பெறும் ஹாஸ்பிஸ்களில், ஊழியர்களின் நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 விழுக்காட்டுக்கு ஈடான வேலையைத் தன்னார்வலர்கள் செய்ய வேண்டும் என்பது விதி. அதனால் உங்களை அவர்களே தேடுகிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்து நிதி உதவிக்கும் தகுதி இருந்தால், 'ஒர்க் ஸ்டடி' வேலைகளைக் கேளுங்கள். அந்த நிதியில் குறைந்தது 7 விழுக்காட்டைக் கல்லூரி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதற்குச் சம்பளமும் உண்டு. ஆம்புலன்ஸ் வேலை, மெடிக்கல் ஸ்க்ரைப் வேலை, நர்சிங் உதவியாளர் வேலை எல்லாமே அனுபவம்தான். கூலிக்குச் செய்ததால் மதிப்புக் குறைவு என்று நினைக்காதீர்கள், விண்ணப்பத்தில் தலைநிமிர்ந்து எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய், ஏதோ ஒரு முகாமில் பயிற்சியில்லாமல் நம் சேரி மக்களுக்கு ஊசி போட்டுப் படம் எடுத்து வராதீர்கள். இங்கே ஒரு நோயாளியிடம் செய்யத் துணியாததை அங்கே செய்ய உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவர்களின் உடம்பு நம் பயிற்சிக் களம் அல்ல.

ஏற்கெனவே உள்ளே போய்விட்ட அண்ணன்களே, அக்காக்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. முன்பின் தெரியாத ஒரு மாணவரின் மெயிலுக்கு இந்த வாரம் பதில் போடுங்கள். ஒரு நாள் கூட வந்து நிற்க விடுங்கள். ஊர் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த ஆண்டு நான் விண்ணப்பிக்கிறேன். அந்த மூன்றில் ஒரு இடத்தில் என் 100 மணி நேரத்தை எழுதுவேன். அதன் முதல் வரியில் ஆயாவின் 31 வருட வேலையையும் எழுதப்போகிறேன்.